"குடிப்பீங்களா?" என்று அவசரப் பிரிவில் ஏன் கேட்கிறார்கள்

சனிக்கிழமை இரவு பதினொரு மணி. மலேசியாவின் பினாங்கில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு, நடுத்தர அவசரக் கேஸ்களுக்கான மஞ்சள் பகுதி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு அண்ணன் கட்டிலில் கிடக்கிறார். கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது.

"அண்ணே, குடிப்பீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலைமாட்டில் நின்ற மனைவியைப் பார்த்தார். "இல்ல" என்றார். வாயைத் திறந்ததும் வந்த வாடை வேறு பதில் சொன்னது.

எல்லாரும் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை, மருத்துவ உதவியாளர். டாக்டர் வருவதற்கு முன் ஊசி ஏற்றுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது, இந்த மாதிரி கேள்விகள் கேட்பது என் வேலை. குடி, கஞ்சா, சியாபு (மெத்தாம்ஃபெட்டமின்), ஹெரோயின், கெத்தும் இலை, தூக்க மாத்திரை என்று வரிசையாகக் கேட்கும்போது பலருக்கு முகம் சுருங்கிவிடும். "கால் வலின்னு வந்தா கஞ்சா பத்திக் கேக்குறான்" என்று ஒரு மாமா என் எதிரிலேயே முணுமுணுத்தார். அவர் கோபம் நியாயம்தான். ஏன் கேட்கிறோம் என்று நாங்கள் சொல்வதே இல்லை.

காரணம் அந்தக் கணுக்காலிலேயே இருக்கிறது. விலகிய எலும்பை இழுத்துச் சேர்க்க வேண்டும் என்றால் முதலில் வலி மருந்தும் மயக்க மருந்தும் நரம்பில் போக வேண்டும். இவை மூச்சை மெதுவாக்கும். ஏற்கெனவே வயிற்றில் மது இருந்தாலோ, மாலையில் இரண்டு தூக்க மாத்திரை விழுங்கியிருந்தாலோ, வழக்கமான அளவே அவருக்கு அதிகமாகிவிடலாம். நேர்மாறாக, தினமும் ஹெரோயின் எடுப்பவருக்கு வழக்கமான அளவு மார்ஃபீன் கொசுக்கடி மாதிரி, வலி அடங்காது. சியாபு எடுத்தவரின் இதயம் ஏற்கெனவே தறிகெட்டு ஓடிக்கொண்டிருக்கும், அவருக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பதே வேறு கணக்கு. ஆக, அடுத்த பத்து நிமிடத்தில் சிரிஞ்சில் எத்தனை மில்லி என்பதை முடிவு செய்யத்தான் அந்தக் கேள்வி. ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போட இல்லை.

இப்படி எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்டுப் பார்ப்பதற்கு மலாயில் சாரிங்கான் என்று பெயர். வடிகட்டுவது என்று பொருள். தமிழில் சலித்தெடுப்பது என்று வைத்துக்கொள்ளலாம். மாவு சலிக்கும்போது சல்லடை எந்தத் தீர்ப்பும் சொல்வதில்லை, கட்டியை மேலே நிறுத்திவிடும், அவ்வளவுதான். அந்தக் கட்டியை விரலால் நசுக்கிப் பார்ப்பது அடுத்த வேலை. கேள்வித்தாளில் மதிப்பெண் கூடினால் 'இவர் குடிகாரர்' என்று அர்த்தமில்லை, 'இவரிடம் இன்னும் கொஞ்ச நேரம் பேச வேண்டும்' என்று அர்த்தம்.

சரி, அந்தத் தாள் எப்படி இருக்கும்? மதுவுக்கு உலகம் முழுக்கப் பழக்கமானது ஆடிட். உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள். கட்டில்கள் நிறைந்து, வெளியே ஆம்புலன்ஸ் நிற்கும் நேரத்தில் பத்துக் கேள்விக்கெல்லாம் நேரமில்லை. அதனால் முதல் மூன்றை மட்டும் பிரித்தெடுத்து ஆடிட்-சி என்கிறார்கள். எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள், குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க், ஒரே அமர்வில் ஆறு டிரிங்கோ அதற்கு மேலோ போவது எவ்வளவு அடிக்கடி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்.

இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒரு டிரிங்க் என்றால் ஒரு போத்தல் அல்ல, ஒரு கிளாஸும் அல்ல. 10 கிராம் ஆல்கஹால். 320 மில்லி டின் பீரில், 5 விழுக்காடு என்றால், பன்னிரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல். 640 மில்லி பெரிய போத்தலில் சுமார் 25 கிராம், அதாவது இரண்டரை டிரிங்க். 35 விழுக்காட்டு மலிவுச் சரக்கு, நம் ஆட்கள் சம்சு என்பார்களே, அதில் 100 மில்லி போனாலே கிட்டத்தட்ட மூன்று டிரிங்க்.

"சனிக்கிழமை மட்டுந்தான், ரெண்டு போத்தல்" என்று ஒருவர் சொல்கிறார். சொல்லும்போது பெருமைகூட இருக்கும், தினமும் குடிப்பவன் இல்லையே என்று. போட்டுப் பார்ப்போம். மாதம் நான்கு தடவை, 2 மதிப்பெண். இரண்டு பெரிய போத்தல் என்றால் ஐந்து டிரிங்க், அதற்கு 2. ஆறைத் தாண்டுவது எப்போது? "கல்யாணம், சம்பள நாள், மாசத்துக்கு ஒருக்கா இருக்கும்." அதற்கும் 2. மொத்தம் 6. ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே பேச வேண்டிய இடம். சனிக்கிழமை மட்டும் குடிக்கும் நல்ல மனிதர் கோட்டைத் தாண்டி இரண்டு படி மேலே நிற்கிறார். இந்தக் கணக்கைச் சொல்லும்போது திட்டுவதைவிட அதிகமாக முகம் மாறுகிறது. எண்களோடு சண்டை போட முடியாதில்லையா.

எவ்வளவு குடித்தீர்கள் என்பதோடு எங்கே வாங்கினீர்கள் என்றும் சில சமயம் கேட்போம். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்குப் பக்கம் மெத்தனால் கலந்த மதுவால் பல உயிர்கள் போயின. மெத்தனால் உடனே காட்டாது. மறுநாள் 'கண்ணுக்கு முன்னாடி பனி மாதிரி இருக்கு' என்று வருவார்கள். அப்போது அந்தப் போத்தலின் கதை தெரிந்தால் நஞ்சை முறிக்கும் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் சீக்கிரம் தொடங்கும்.

இனி கொஞ்சம் வெட்கத்தோடு ஒரு சொந்தக் கதை. என் பெரியப்பா, பட்டர்வொர்த்தில் துறைமுக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. வார்டில் தாதி குறித்துக்கொண்டே கேட்டார், குடிப்பழக்கம் உண்டா என்று. "சேச்சே, அதெல்லாம் கிடையாது" என்றார் பெரியம்மா. கட்டிலின் மறுபக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். தினமும் இரவு கால் போத்தல் போகும் என்று எனக்குத் தெரியும். பெரியம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். இதே கேள்வியைப் பிழைப்பாகக் கேட்பவன் நான்.

முதல் இரவு கை நடுக்கம், வியர்வை. வலி என்று நினைத்தார்கள். மூன்றாம் இரவு போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டித் தட்டி விடுகிறார். செத்துப்போன தம்பியைக் கூப்பிட்டுப் பேசுகிறார். ஊசிக் குழாயைப் பிடுங்குகிறார். ஏதோ காத்து கருப்பு என்று பெரியம்மா விபூதி வாங்கி வர ஆள் அனுப்பிவிட்டார். நான் தாதியைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன், மூன்று நாள் தாமதமாக.

நடந்தது இதுதான். மது மூளையை அடக்கி அமர்த்தும். தினமும் அடக்கினால் மூளை எதிர்ப்பக்கம் இழுக்கப் பழகிக்கொள்ளும், வடம் இழுக்கும் போட்டி மாதிரி. ஒரு பக்கத்தார் திடீரென்று வடத்தை விட்டுவிட்டால் மறுபக்கத்தார் என்ன ஆவார்கள்? குடி நின்ற ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நான்காம் நாளில் பிதற்றலும் காய்ச்சலும் வந்தால் உயிருக்கே ஆபத்து. முன்கூட்டியே தெரிந்தால் பி1 வைட்டமினும் அமைதிப்படுத்தும் மருந்தும் அளந்து கொடுத்துத் தடுத்துவிடலாம். பெரியப்பா பிழைத்தார். ஆனால் மூன்று நாளில் எழுந்து நடக்கவைக்க வேண்டியவரைப் பத்து நாள் கட்டிலில் வைத்திருந்தார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். தினமும் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்தவைப்பது நல்லெண்ணமாக இருக்கலாம், பாதுகாப்பானது இல்லை. தைப்பூச விரதத்துக்கு மாலை போட்டுக்கொண்டு அன்றைக்கே நிறுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். விரதம் நல்லதுதான், அதற்கு முன் ஒரு கிளினிக்கில் தலையைக் காட்டிவிட்டு வருவது இன்னும் நல்லது.

போதைப்பொருள் பக்கம் வந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் அசிஸ்ட் தாள் இருக்கிறது. புகையிலை முதல் ஹெரோயின் வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண், எட்டுக் கேள்விகள், 27-ஐ எட்டினால் தீவிரம். அவசரப் பிரிவில் அதை முழுதாக நடத்துவது அபூர்வம். ஒற்றைக் கேள்வி ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான்: 'போன ஒரு வருஷத்துல எத்தனை தடவை போதைப்பொருள் எடுத்திருப்பீங்க, இல்ல டாக்டர் சொன்னதுக்கு இல்லாம வேற காரணத்துக்கு மாத்திரை போட்டிருப்பீங்க?' ஒன்றோ அதற்கு மேலோ என்றால் மேற்கொண்டு பேச வேண்டும். 'எடுப்பியா?' என்று கேட்டால் இல்லை என்பது தானாக வரும். 'எத்தனை தடவை' என்று கேட்டால் ஆள் எண்ணத் தொடங்குகிறார். சின்ன வித்தியாசம், ஆனால் வேலை செய்கிறது.

எடுக்கிறாரா என்பது ஒரு கேள்வி. அளவு மீறிச் சாகும் ஆபத்து எவ்வளவு என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பத்து வருடமாக எடுப்பவர்தான் பெரிய ஆபத்தில் இருப்பார் என்று தோன்றும். உண்மையில் மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ போன வாரம் வெளியே வந்தவரைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் பயம்.

ஏன் என்றால், தாங்குதிறன். தினமும் பச்சை மிளகாய் கடிப்பவனுக்கு மூன்று மிளகாய் ஒன்றும் செய்யாது. ஆறு மாதம் விட்டுவிட்டு அதே மூன்றைக் கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும். ஹெரோயினும் அப்படித்தான், கண்ணீருக்குப் பதிலாக மூச்சு நிற்கும். புஸ்பென் என்ற அரசுப் போதை மறுவாழ்வு மையத்தில் பல மாதம் சுத்தமாக இருந்துவிட்டு வந்தவன் பழைய நண்பனைப் பார்க்கிறான், கை பழைய அளவையே எடுக்கிறது, உடம்பு பழைய உடம்பு இல்லை. வெளியே வந்த முதல் இரண்டு வாரம் மிக ஆபத்தான காலம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் "கடைசியா எப்ப நிறுத்தினீங்க, எங்கே இருந்தீங்க?" என்று நாங்கள் கேட்டால் அது பழைய வழக்கைக் கிளற இல்லை.

இதோடு வேறு சிலவும் பார்ப்போம். ஹெரோயினோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்க்கிறாரா? மூன்றும் மூச்சை அடக்குபவை, சேர்ந்தால் ஒன்றுக்கொன்று தோள் கொடுக்கும். கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக எடுக்கிறாரா? முன்பு ஒரு தடவை மயங்கிக் கிடந்திருக்கிறாரா? அப்படி ஒரு தடவை ஆனவருக்கு மறுபடியும் ஆகும் வாய்ப்பு அதிகம். நுரையீரல், கல்லீரல் நோய் உண்டா? இந்தப் பட்டியலில் நம் பாட்டிகளும் வருவார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். முட்டி வலிக்கு ஒரு கிளினிக்கில் டிரமடால், தூக்கத்துக்கு இன்னொரு கிளினிக்கில் மாத்திரை, இருமலுக்குக் கடையில் வாங்கிய கோடீன் மருந்து. பாட்டியை யாரும் போதைப் பழக்கம் உள்ளவர் என்று சொல்லமாட்டார்கள். ஆபத்துக்கு அந்தப் பட்டம் தேவையில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஹெரோயின் போன்றவை அளவு மீறினால் கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும், உதடு நீலம் பாரிக்கும், மூச்சு நிமிடத்துக்கு ஆறு, ஏழு என்று குறையும். அப்புறம் குறட்டை. ஆழமாக, கரகரவென்று, இடைவெளி விட்டு வரும் குறட்டை. "நல்லாத் தூங்குறான், எழுப்பாதே" என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போன தாய்களைப் பார்த்திருக்கிறேன். அது தூக்கம் இல்லை, தொண்டை அடைபட்டு மூச்சு போராடும் சத்தம். தோளைத் தட்டி, நெஞ்சு எலும்பில் மடக்கிய கைவிரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் எழவில்லை என்றால் அவசர உதவி எண் 999-ஐக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். மூச்சு நின்றிருந்தால் அல்லது விக்கல் போல எப்போதாவது வந்தால், 999-இல் இருப்பவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள், லைனைத் துண்டிக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், கொப்பி-ஓ எதையும் வாயில் ஊற்றக் கூடாது. நினைவில்லாதவருக்கு ஊற்றுவது நுரையீரலுக்குத்தான் போகும்.

மருத்துவமனையில் ஹெரோயின் வகைக்கு மாற்று மருந்தான நலோக்சோன் கொடுப்போம். இரண்டு மூன்று நிமிடத்தில் நீலமாகக் கிடந்தவர் எழுந்து உட்கார்வார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள், கெட்ட வார்த்தைதான் வரும். போதை ஒரே அடியில் கழன்று உடம்பெல்லாம் நோகுமே. உடனே வீட்டுக்குப் போகிறேன் என்பார். விடமாட்டோம். நலோக்சோன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் தீர்ந்துவிடும், ஹெரோயின் வகையைச் சேர்ந்த மெத்தடோன் மாதிரியானவை அதைவிட நெடுநேரம் உடம்பில் இருக்கும். வாகன நிறுத்துமிடத்திலேயே மறுபடி விழுந்துவிடுவார். சியாபுவுக்கு இப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது. உடல் சூட்டைக் குறைத்து, அமைதிப்படுத்தி, இதயத்தைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். என்ன மாத்திரை, என்ன திரவம் என்றே பிடிபடாத சமயங்களில் டாக்டர்கள் தேசிய நச்சு மையத்தைக் கூப்பிடுவார்கள். அது இருப்பது நம் பினாங்கில்தான், அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில்.

இன்னொரு கேள்வியைத் தனியாகக் கேட்போம்: "வேணும்னே எடுத்தீங்களா?" தற்கொலை முயற்சி இந்த நாட்டில் 2023 முதல் குற்றம் இல்லை, சட்டத்தின் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். ஆகவே போலீஸ் பயத்தில் மறைக்கத் தேவையில்லை. மறைத்தால் நட்டம் பெரிது. பாரசிட்டமால் அதிகம் போட்டவர் முதல் நாள் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கல்லீரல் மக்கர் செய்யும். மாற்று மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நல்ல பலன். மனம் கனத்துக் கிடந்தால் 15555 என்ற எண்ணில் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் இருக்கிறது.

"எதுக்கு இத்தனை கேள்வி, மூத்திரத்தை டெஸ்ட் பண்ணிட்டாப் போச்சு" என்பார்கள். மூத்திரப் பரிசோதனை போன நாட்களில் என்ன எடுத்தார் என்று சொல்லும், இப்போது எவ்வளவு போதையில் இருக்கிறார் என்று சொல்லாது. நெடுநாள் கஞ்சா பழக்கம் உள்ளவருக்கு வாரக்கணக்கில் காட்டும். கோடீன் இருமல் மருந்து குடித்தவருக்கும் மார்ஃபீன் வகை என்று காட்டலாம். வழக்கமான பரிசோதனைப் பட்டையில் கெத்தும் சிக்காது, டிரமடாலும் சிக்காது. வாய் திறந்து சொல்வதற்கு ஈடு எதுவும் இல்லை.

பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தில் போதைப்பொருளைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்வதே குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். ஆனால் போலீஸ் கொண்டுவரும் பரிசோதனை வேறு, அதற்குத் தனிப் படிவம், முத்திரையிட்ட போத்தல் எல்லாம் உண்டு. சிகிச்சைக்காக நாங்கள் கேட்பது வேறு. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "இதை எங்க எழுதுவீங்க, யாரெல்லாம் பார்ப்பாங்க?" கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சலித்த பிறகு? மதுவுக்கு, ஐந்து பத்து நிமிடம் திட்டாமல் பேசினாலே சிலர் குறைக்கிறார்கள். போதைப்பொருளுக்கு வெறும் பேச்சு அவ்வளவாக எடுபடுவதில்லை, 2014-இல் வந்த ஆய்வுகள் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. ஹெரோயின் வகைக்கு எடுபடுவது மருந்து. அமெரிக்காவில் யேல் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அவசரப் பிரிவிலேயே பியூப்ரனோர்ஃபின் என்ற அந்த வகை மருந்து தொடங்கப்பட்டவர்களில் 78 விழுக்காட்டினர் ஒரு மாதம் கழித்தும் சிகிச்சையில் இருந்தார்கள். முகவரிச் சீட்டு மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 37 விழுக்காடு. நம் நாட்டில் மெத்தடோன் சிகிச்சை 2005 முதல் நடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு சீட்டைக் கொடுத்து "திங்கக்கிழமை போய்ப் பாருங்க" என்று அனுப்பும்போது, அந்த 37 என் தலைக்குள் ஓடும்.

வரும்போது வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டுக் கொண்டுவாருங்கள், காலி அட்டை உட்பட. அப்புறம், கேள்வி கேட்கும் நேரத்தில் உறவினர்கள் கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள். நகரச் சொன்னால் சந்தேகம் வரும் என்பதால் எனக்கு ஒரு உத்தி உண்டு. அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். "அக்கா, அண்ணனுக்கு முகம் வெளிறிப் போச்சு, உங்களுக்கும்தான். கீழே கேண்டீன்ல நீங்க ஒரு மைலோ குடிச்சிட்டு வாங்களேன்." அவர் போனதும் திரையை இழுத்துவிட்டேன். "நாலு போத்தல்" என்றார் அண்ணன், கூரையைப் பார்த்தபடி.

எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். கையில் மைலோவோடு அக்கா நடைவழியில் நின்றிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, அவரு எவ்வளவு சொன்னாருன்னு தெரியல. ஆனா தூங்கறதுக்கு வேற ஒரு மாத்திரை போடுவாரு" என்றார்.